பதினான்காம் எண் பாட்டில்

இது என் எண்ணாக இருக்காது. பதினேழாக இருக்கும். நெவில் நான்கையும் ஏழையும் ஒரே மாதிரிதான் எழுதுவான். நான் வீட்டில் கண்ணாடி போடாமல் பார்த்திருப்பேன். பதினான்கு வேறு யாரோ ஒருவருடையது. அவர் இப்போது எழுந்து வருவார், எல்லோரும் கை தட்டுவார்கள், நானும் தட்டுவேன்.

லோர்னா கோட்டுப் பைக்குள் கையை விட்டுச் சீட்டைத் தொட்டாள். வெளியே எடுக்கவில்லை. கிரிக்கெட் கிளப்பின் மதுக்கூடத்தில் நாற்பது பேர் நெருக்கியடித்துக்கொண்டு அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மைதானத்தில் சாய்வாக மழை பெய்துகொண்டிருந்தது. டாட்மார்டனில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களின் சங்கம் நடத்தும் வசந்தகாலப் போட்டி. போட்டியை நடத்துகிற நெவில் இப்போதுதான் முடிவுகளைக் குத்திவிட்டுப் போயிருந்தான். பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும். பெயரை மூன்றரை மணிக்குத்தான் படிப்பார்கள்.

பலகையில், கடையில் வாங்கிய டப்பாப் பாகிலிருந்து செய்யும் பீருக்கான கிட் பிரிவுக்கு நேராகப் பதினான்கு என்று இருந்தது. ஐம்பதுக்கு நாற்பத்தேழு. அதற்குக் கீழே, எல்லாப் பிரிவுகளிலும் சேர்த்துச் சிறந்த பீர் என்ற இடத்திலும் அதே பதினான்கு.

அவள் சீட்டை எடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். பதினான்கு.

 பக்கத்தில் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

போன கிறிஸ்துமஸுக்கு அவள் வேலை பார்க்கும் பள்ளியில் பெயர்ச் சீட்டு எடுத்துப் பரிசு மாற்றிக்கொண்டபோது அவளுக்கு வந்தது அந்த கிட். பேல் ஏல் என்ற வெளிர்நிற பீர் செய்வதற்கான மால்ட் பாகு, அதாவது முளைகட்டிய பார்லியின் பாகு, ஒரு டப்பாவில். அதன் மூடிக்குள் ஒரு சிட்டிகை ஈஸ்ட். ஒரு பிளாஸ்டிக் வாளி. 'ஒரு கிலோ சர்க்கரை சேர்க்கவும், இருபத்து மூன்று லிட்டர் வரை தண்ணீர் ஊற்றவும்' என்று ஒரு தாள். யார் வாங்கினார்களோ, லோர்னாவின் புருஷன் பீர் காய்ச்சுகிறவன், உபயோகப்படும் என்று நினைத்திருப்பார்கள்.

க்ளைவ் டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். பதினோரு வருடமாகத் தோட்டத்துக் கொட்டகையில் தானியத்தை அவனே அரைத்து, ஊறவைத்து, கொதிக்கவைத்துச் செய்கிறவன்.

"இதுக்கு என்ன வேணும் தெரியுமா? டப்பா ஓப்பனர். அவ்வளவுதான் வித்தை."

"அப்ப நானே செஞ்சு பாக்கறேன்" என்றாள் லோர்னா. ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"செய், செய். சிங்க்குலதான் ஊத்தப் போறோம்."

முதல் முறை அவன் சொன்னபடிதான் ஆயிற்று. வாளியை வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரியில், காய்ந்த துண்டுகளுக்கு நடுவே வைத்தாள். இந்தத் தெருவில் முதன்முதலாக பீர் செய்கிற எல்லோரும் அங்கேதான் வைப்பார்கள். நொதிக்க வேண்டியதற்குச் சூடு வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நாலே நாளில் குமிழி நின்றது. பாட்டிலில் அடைத்து, மூன்று வாரம் கழித்துத் திறந்தால் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை. குடித்தால் புளித்த ஆப்பிள் கரைத்த தண்ணீர்.

க்ளைவ் ஒரு வாய் குடித்தான். "ஈரமா இருக்கு, அதை ஒத்துக்கணும்" என்றான்.

அவள் பள்ளி வேதியியல் கூடத்தில் பதினெட்டு வருடமாக உதவியாளராக இருப்பவள். குடுவை கழுவுவது, எடை போடுவது, தேதி எழுதிய பட்டை ஒட்டுவது. ஒரு சோதனை தப்பாகப் போனால் பிள்ளைகளிடம் ஆசிரியர் சொல்வதை அத்தனை வருடமும் காதில் வாங்கியிருக்கிறாள்: எதை மாற்றினாய், எதை மாற்றவில்லை? அலமாரிக்குள் வெப்பமானியை வைத்துப் பார்த்தாள். முப்பத்தொரு டிகிரி. ஈஸ்ட் பாவம், அதில் எப்படி நிதானமாக வேலை செய்யும்?

பிறகு அதே கிட்டை இன்னும் இரண்டு முறை வாங்கினாள். இரண்டாவது முறை சர்க்கரையில் பாதியைக் குறைத்து மால்ட் பொடி போட்டாள், தண்ணீரை இருபது லிட்டரோடு நிறுத்தினாள். மூன்றாவது முறை சர்க்கரையே இல்லை. குழாய் நீரின் குளோரினை எடுக்க ஒரு மாத்திரையில் பாதியைப் பொடித்துக் கரைத்தாள். மூடிக்குள் இருந்த ஈஸ்டை ஒதுக்கிவிட்டு ஹாலிஃபாக்ஸ் கடையில் வேறு வாங்கினாள். வாளியை வடக்குப் பக்கத்துச் சாமான் அறையின் கல் தரையில் வைத்து, பழைய தூங்கும் பையைச் சுற்றி, குளிரும் இரவுகளில் வெந்நீர்ப் பையை அணைத்து வைத்து, பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே நிறுத்தினாள். கடைசி நான்கு நாள் ஒரு மெல்லிய துணிப்பையில், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைக் கட்டி உள்ளே மிதக்கவிட்டாள். மிச்சமிருக்கும் சர்க்கரையை அளக்கும் மிதவைக் கருவி மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவைக் காட்டிய பிறகுதான் பாட்டிலைத் தொட்டாள்.

"குழந்தைக்கு என்ன பேர் வெக்கப் போற?" என்று க்ளைவ் கேட்டான், வெந்நீர்ப் பையோடு அவள் போவதைப் பார்த்து. "டப்பாவைத் தெறந்து ஊத்தறதுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேற."

அதை அவன் குடித்துப் பார்க்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை. ஒரு பாட்டிலைச் சாமான் அறையில் நின்றபடியே திறந்து, தனியாகக் குடித்தாள். நன்றாக இருக்கிறது என்று தோன்றியது. தன்னுடையது என்பதால் தோன்றுகிறதோ என்று சந்தேகம் வந்தது. அதனால்தான் போட்டியில் சேர்த்தாள். அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது, பாட்டிலுக்கு எண் மட்டும்தான். யாரோ ஒரு அந்நியர் மூக்கைச் சுளித்தால் சுளிக்கட்டும். வீட்டில் சொல்லவில்லை.

இன்று காலை கிட் பிரிவு நடுவருக்கு ஜலதோஷம். மூக்கு அடைத்தவரை நடுவர் மேசையில் உட்கார விடமாட்டார்கள். நெவில் சுற்றிப் பார்த்துவிட்டு, "யோவ் க்ளைவ், நீ வாய்யா" என்றான். லோர்னா நெவிலைத் தனியே பிடித்து, "அதுல என்னோடது ஒண்ணு இருக்கு, நான் எடுத்துக்கறேன்" என்றாள்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப சட்டப்படி ஒண்ணும் தப்பில்ல. கூட டோரீனும் உக்காருது. ரெண்டு பேர் மார்க்கையும் சேத்துத்தான் பாதியாக்குவோம். போய் டீ குடி."

இப்போது டோரீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். எழுபதைத் தாண்டிய வயது, ஊன்றுகோல், சங்கத்தில் எல்லோரையும் விட நல்ல நாக்கு. கையில் மதிப்பெண் தாள்கள்.

"பதினாலு யாரு கண்ணு? யாரும் வந்து வாங்க மாட்டேங்கறாங்க."

லோர்னா சீட்டைக் காட்டினாள். டோரீன் சீட்டைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மதுக்கூடத்தின் அந்தக் கோடியில் நான்கு பேரோடு நின்று பேசிக்கொண்டிருந்த க்ளைவைப் பார்த்தாள்.

"அடி ஆத்தி" என்றாள் மெதுவாக. தாளை மடித்துக் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு பக்கம். மேல் பக்கம் டோரீனுடையது, கிறுக்கல். அடுத்தது, இருபத்தாறு வருடமாகச் சாமான் பட்டியலிலும் பிறந்தநாள் அட்டையிலும் பார்த்த கையெழுத்து.

'தெளிவான பொன்நிறம். எலுமிச்சைத் தோல், அப்போது வெட்டிய புல். கசப்பு கடைசிவரை நேராக நிற்கிறது, எங்கும் தடுமாறவில்லை. இது அவசரப்படாத கை. காத்திருக்கத் தெரிந்தவர். டப்பாவில் இவ்வளவு இருக்கிறது என்று நான் நம்பியதே இல்லை. என் தவறு. இவரைச் சந்தித்துப் பேச விரும்புகிறேன்.'

அவள் அதை மூன்று முறை படித்தாள். 'என் தவறு' என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் கண் நின்றது. காரைச் சுவரில் இடித்தபோது, அவளுடைய அம்மாவின் சவ ஊர்வலத்துக்குத் தாமதமாக வந்தபோது, ஒருநாளும் இந்த இரண்டு வார்த்தைகளை அவன் சொன்னதில்லை. இந்தப் பள்ளத்தாக்கு ஆண்களின் வாயில் 'மோசமில்ல' என்று வந்துவிட்டால் அது மாலை போட்ட மாதிரி. அவள் சமையலுக்கு அது கிடைத்திருக்கிறது. அவள் தைத்த திரைச்சீலைக்கு ஒருமுறை கிடைத்தது. இப்படி எழுதக்கூடிய ஒருவன் தன் வீட்டிலேயே இத்தனை வருடம் இருந்திருக்கிறானா? யாரென்று தெரியாத ஒருவருக்காக மட்டும் வெளியே வருவானா?

வெட்கமா, சந்தோஷமா என்று தெரியாத ஒரு சூடு கழுத்துவரை ஏறியது.

"யாருய்யா இந்தப் பதினாலு?" க்ளைவின் குரல் கூடத்தைத் தாண்டி வந்தது. "ஒளிஞ்சு நிக்காதய்யா. வா, ஒரு பைண்ட் வாங்கித் தரேன். இந்தக் கூட்டத்துல ஒருத்தனுக்காவது பொறுமை இருக்கே."

எல்லோரும் சிரித்துக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். லோர்னா சீட்டை உயர்த்திப் பிடித்தாள். 

"நான்தான்."

க்ளைவும் சிரித்தான். "சும்மா இரு லோர்னா, நான் உண்மையாவே கேக்கறேன்."

அவள் கையைக் கீழே போடவில்லை. பக்கத்தில் நின்றவர்களின் சிரிப்பு ஒன்றொன்றாக அடங்கியது. யாரோ கண்ணாடிக் கோப்பையை மேசையில் வைத்த சத்தம் கேட்டது. க்ளைவின் முகத்தில் சிரிப்பு மட்டும் இன்னும் கழற்ற மறந்த தொப்பிபோல் இருந்தது. அவன் பலகையைத் திரும்பிப் பார்த்தான். தன் எண்ணைத் தேடுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. முப்பத்தொன்று. பொதுப் பிரிவு, பேல் ஏல். ஐம்பதுக்கு இருபத்தெட்டு. இடம் எதுவும் இல்லை.

"நெவில்" என்றான் க்ளைவ். "ஒரு நிமிஷம் உள்ள வா. ஏதோ மாறிப்போயிருக்கு."

மதுக்கூடத்துக்குப் பின்னால் சாண்ட்விச் செய்கிற சின்னச் சமையலறை. நெவிலும் க்ளைவும் லோர்னாவும் நின்றார்கள். டோரீன் யாரும் கூப்பிடாமலே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

"ரெண்டு பேரும் ஒரே பாட்டில், ஒரே மூடி" என்றான் க்ளைவ். குரலில் கோபம் இல்லை. பம்பில் எங்கே கசிகிறது என்று தேடும்போது இருக்கும் அதே குரல். "என் பையிலிருந்துதான் மூடி எடுத்தா, என் மெஷின்லதான் அடிச்சா. என்னோடது அவ பேருல போயிருக்கு, அவளோடது என் பேருல. மார்க்கைப் பாரு, எல்லாம் பொருந்துது."

"ஒன்னோட பாட்டிலை நீதானய்யா வெள்ளிக்கிழமை கொண்டாந்து குடுத்த" என்றான் நெவில். "சீட்டை நீயே கட்டின."

"கொட்டகையிலயே மாறியிருக்கும்."

"என்னோடது கொட்டகைக்கே வரல, க்ளைவ்" என்றாள் லோர்னா. "சாமான் ரூம்லயே இருந்துச்சு. மூடி அடிக்கற மெஷினைத்தான் நான் உள்ள எடுத்துட்டு வந்தேன்."

"உனக்கு ஞாபகம் இருக்காது."

நெவில் தலையைச் சொறிந்தான். ஒவ்வொருவரும் இரண்டிரண்டு பாட்டில் கொடுத்திருந்தார்கள், இரண்டாவது இன்னும் குளிர்பெட்டியில் இருந்தது. பதினான்கையும் முப்பத்தொன்றையும் எடுத்துவந்து திறந்தான். "குடிச்சுப் பாரு. ஒன்னோடது ஒனக்குத் தெரியாமயா போகும்?"

க்ளைவ் முதலில் பதினான்கை ஊற்றி மூக்கருகே கொண்டுபோனான். கண்ணை மூடினான். ஒரு வாய் குடித்து நாக்கில் வைத்திருந்து விழுங்கினான். அவன் முகம் தளர்ந்து, இளகி, அவளுக்குப் பழைய நாள்களில் தெரிந்த ஒரு முகமாக ஆனது.

"இது நான்" என்றான். "பதினோரு வருஷமா இதைத்தான் செய்ய முயற்சி பண்ணிட்டிருக்கேன். என் பீர் எனக்குத் தெரியாதா?"

பிறகு முப்பத்தொன்று. ஒரே வாய். சிங்க்கில் துப்பினான்.

"இதுதான் கிட். பாருங்க, டப்பா ருசி. ஈர அட்டை மாதிரி ஒரு வாடை. இதை யாராவது என் கொட்டகைல செஞ்சதுன்னு சொல்லுவாங்களா?"

 டோரீன் கையை நீட்டி முப்பத்தொன்றை வாங்கி முகர்ந்தாள். "எனக்கென்னமோ போன வருஷம் உன் வீட்டுல குடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். "அப்பவும் துப்பத்தான் தோணுச்சு. மரியாதைக்கு முழுங்கினேன்."

"விளையாடாதீங்க டோரீன்."

"எனக்கு எழுபத்து மூணு வயசு. விளையாடி நாளாச்சு."

லோர்னா கோப்பையைத் தொடவே இல்லை. அந்த ஈர அட்டை வாடையை அவளுக்குத் தூரத்திலிருந்தே தெரியும். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டோடு க்ளைவ் திறக்கும் பாட்டிலின் வாடை அது. வாளியிலிருந்து பாட்டிலுக்கு மாற்றும்போது அவன் குழாயை உயரத்தில் பிடித்து, நுரை தெறிக்கத் தெறிக்க ஊற்றுவான். காற்று பட்டு பீர் கெட்டுப்போகும். அதை அவள் மூன்று வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்தாள். சொல்லவில்லை. ஒவ்வொரு புதுப் பாட்டிலுக்கும் அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். அவள் "நல்லாருக்கு" என்பாள். பதினோரு வருடம், எத்தனை பாட்டில், அத்தனை "நல்லாருக்கு".

 இவன் பொய் சொல்லவில்லை. அவமானத்தை மறைக்க நடிக்கவும் இல்லை. பதினான்காம் பாட்டிலில் இருக்கிற ருசிதான் தன் பீரின் ருசி என்று உண்மையாகவே நம்புகிறான். நம்பும்படி சொல்லிச் சொல்லி வளர்த்தது யார்? அந்த அட்டை வாடையைக் குடித்துவிட்டுச் சிரித்த முகம் யாருடையது?

நெவில் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து வைத்தான். "தப்பான பாட்டிலைக் குடுத்துட்டேன்னு எழுதிக் குடுத்தா பரிசைத் திருப்பிப் போடலாம். ஆனா அதைப் போட்டவங்கதான் எழுதணும். லோர்னா எழுதணும்." அவன் அவளைப் பார்க்காமல் சொன்னான். "இன்னும் பத்து நிமிஷத்துல நான் பேர் படிக்கணும். வாங்க டோரீன்."

டோரீன் எழுந்து போகும்போது லோர்னாவின் முழங்கையை ஒருமுறை அழுத்தினாள். கதவு மூடியது.

க்ளைவ் பேனாவை எடுத்துப் படிவத்தின் மேல் வைத்தான். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தான். பிறகு அவனும் எதிரே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ வேணும்னு செஞ்சேன்னு நான் சொல்லலம்மா. யாருக்கும் நடக்கறதுதான். பொய் எழுதச் சொல்லல, நடந்ததை எழுதுன்னுதான் சொல்றேன்."

"அந்தத் தாள்ல நீ எழுதினது?"

"எது?"

"'என் தவறு'ன்னு."

அவன் கண்களில் ஏதோ ஒன்று வந்து போனது. "டப்பான்னு நெனச்சு எழுதினேன். டப்பா இல்லன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சே."

அவள் அவன் கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் கிரீஸ் ஒட்டிய, அவளுக்குப் பிரியமான கை. எழுதிக் கொடுத்துவிட்டால் மாலையில் ஒன்றாக வீட்டுக்குப் போவார்கள். அவன் வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டிலைத் திறந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான். அவள் குடிப்பாள். எழுதாவிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். எதுவும் தெரியவில்லை. அந்தப் பக்கம் வெறும் இருட்டாக இருந்தது. அதைவிட, இத்தனை வருடம் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை என்பதுதான் அவளை உலுக்கியது.

"என்னம்மா யோசிக்கற?" என்றான். "ஒரு வரிதான். 'தவறுதலா என் கணவருடைய பாட்டிலைக் குடுத்துட்டேன்'. கீழ ஒரு கையெழுத்து. உனக்கு என்ன, கிட்தான, இன்னொண்ணு வாங்கி செஞ்சுக்கலாம். எனக்கு இது..." அவன் முடிக்கவில்லை.  "எனக்காக."

வெளியே நெவில் மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. நாற்காலிகள் நகர்ந்தன.

லோர்னா தன் கையை அவன் கையிலிருந்து மெல்ல உருவிக்கொண்டாள். பேனாவை எடுத்து மூடினாள். படிவத்தை மேசையின் மேல் அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"இதுல நான் எழுத மாட்டேன், க்ளைவ்" என்றாள்.